சத்தியும் சத்திரசிகிச்சையும்: ஈ.டி.யூ. றெஜிஸ்டரோடு ஆறு மாதம்

தேநீர் குடிக்கும்போது ஈ.டி.யூ. (அவசர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர் சொன்ன ஒரு வசனத்தில்தான் இது தொடங்கியது. "நங்கி, இந்தக் கிழமை வயிற்றோட்டக் கேஸ் கூட." எவ்வளவு கூட என்று கேட்டேன். "கூடத்தான்" என்றார். போன கிழமை எத்தனை, இந்தக் கிழமை எத்தனை என்று திரும்பவும் கேட்டேன். பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "றெஜிஸ்டர் இருக்குத்தானே, போய் எண்ணிப் பார்."

எண்ணப் போனேன். ஆறு மாதமாகிறது, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கொழும்பில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் திட்டமிடல் பிரிவில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் இந்தப் பதவியில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, எடுத்தவர்களுக்கும் தெரியாது. ஒரு மேசை, ஒரு பழைய லப்டொப், கூட்டம் நடந்தால் வரவு எழுதுவது. படித்தது புள்ளிவிபரவியல். அது துருப்பிடிக்காமல் இருக்க ஏதாவது ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

முதலில், இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்கு. நோயை அறிவிக்கும் முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல; அதற்கான கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் போல பட்டியலில் உள்ள ஒரு நோயை டொக்டர் சந்தேகித்தாலே போதும், எச்.544 படிவம் நிரப்பி நோயாளி வசிக்கும் இடத்தின் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். எம்.ஓ.எச். அலுவலகம் கிழமைக்கு ஒரு தடவை தொற்றுநோயியல் பிரிவுக்குக் கணக்கு அனுப்பும். நல்ல ஏற்பாடு, நூறு வருடத்துக்கு மேல் ஓடுகிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் வெறும் வயிற்றோட்டம் இல்லை. வயிற்றுளைவு இருக்கிறது, உணவு நஞ்சாதல் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வந்து, சேலைன் ஏற்றி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்பு இரண்டு பக்கெட்டோடு விடியமுன் வீட்டுக்குப் போகிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். வாட்டில் படுத்தால் வாட்டுக் கணக்கில் வருவார். ஈ.டி.யூ.வோடு திரும்பிப் போனால், அந்த நீள றெஜிஸ்டரில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரிகளைத்தான் பிடிக்க நினைத்தேன். நோய்க்குப் பெயர் வைக்கும்வரை காத்திராமல், ஆட்கள் வந்து சொல்லும் முறைப்பாட்டையே எண்ணுவது. வெளிநாடுகளில் இது பெரிய அளவில் நடக்கிறது. பிரான்சில் 2003 கோடையின் வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்துபோன பிறகு, 2004இல் அவசரப் பிரிவுகளின் தரவை நாளாந்தம் சேர்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2012 லண்டன் ஒலிம்பிக்கை முன்னிட்டு அப்படி ஒன்றை அமைத்தார்கள். அங்கெல்லாம் கணினியிலிருந்து கணினிக்கு இரவோடு இரவாகத் தரவு போகும். இங்கே நானும் ஒரு சீ.ஆர். கொப்பியும்.

அனுமதி

ஐந்து கிழமை எடுத்தது. கடிதம் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போனது, பிறகு முதல் மேசைக்கே திரும்பி வந்தது. ஆனால் ஒரு கேள்வி நியாயமானது: "பேஷன்ட்டின் விபரத்தை நீர் எப்படி எடுக்கலாம்?" 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு விசேட வகைக்குள் வருகிறது. அதனால் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம் எதையும் எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். வந்த நேரம், வயது, ஆணா பெண்ணா, ஊர், முறைப்பாடு, வாட்டுக்குப் போனாரா வீட்டுக்குப் போனாரா. ஆறே ஆறு விடயம். றெஜிஸ்டரைப் போனில் படம் எடுப்பதில்லை, அறையை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை. காலையில் டியூட்டி மாறிய பிறகு, முந்தின நாள் பக்கங்களை ஈ.டி.யூ. மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்து பதிவேன். அந்த ஸ்டூல் ஆடும். இன்றைக்கும் ஆடுகிறது.

முறைப்பாடு என்ற கட்டம்

நான் நினைத்திருந்தது: பதிவது இலகு, கணக்குத்தான் கஷ்டம். நேர்மாறு. கணக்கு ஒரு பின்னேரத்தில் முடிந்தது. முறைப்பாடு என்ற அந்த ஒரு கட்டம் மூன்று மாதம் தின்றது.

றெஜிஸ்டரை யார் எழுதுகிறார்களோ அவர்களின் மொழியில் எழுதுவார்கள். ஒரே வயிற்றோட்டம் சிங்களத்தில் 'படயனவா' என்றும், ஆங்கிலச் சுருக்கத்தில் 'எல்.எம்.' என்றும், இன்னொரு டொக்டரின் கையில் 'ஏ.ஜி.ஈ.' என்றும், தமிழ் தெரிந்த மிஸ் (நேர்ஸ்) இருந்த இரவில் 'வயித்தால போகுது' என்றும் இருக்கும். சத்திக்கு 'வமனய'. சில கையெழுத்துகளைச் சிஸ்டரிடம் காட்டித்தான் வாசிக்க வேண்டும். சிஸ்டராலும் முடியாவிட்டால் எழுதியவர் டியூட்டிக்கு வரும்வரை காத்திருப்பேன். "இதை நானா எழுதினேன்?" என்று அவரும் கேட்பார்.

தொடக்கத்தில் 19 வகையாகப் பிரிக்கத் திட்டம் போட்டிருந்தேன். இரண்டாம் நாளே ஐந்தாகக் குறைத்தேன்: வயிற்றோட்டம் அல்லது சத்தி, காய்ச்சல், இருமலும் மூச்சுத்திணறலும், நாய்க்கடி, காயம். மற்றதெல்லாம் 'வேறு'. இதைச் செய்ய நினைக்கும் யாருக்கும் நான் அடித்துச் சொல்வேன், ஐந்துக்கு மேல் போகாதீர்கள்.

எழுதியிருப்பதை அப்படியே தட்டி, வகை பிரிக்கும் வேலையைச் சின்னப் பைத்தன் நிரலிடம் விட்டேன். ஒவ்வொரு வகைக்கும் மூன்று மொழியிலும் சொற்பட்டியல். முறைப்பாட்டில் அந்தச் சொல் இருந்தால் அந்த வகை. முதல் ஓட்டத்தில் ஒரு நாள் சத்திக் கேஸ்கள் எக்கச்சக்கமாக வந்தன. நெஞ்சு திக்கென்றது. வரிகளை இறக்கிப் பார்த்தால், பாதி 'சத்திரசிகிச்சைக் காயம் பார்க்க' என்று வந்தவர்கள். 'சத்திரசிகிச்சை'க்குள் 'சத்தி' இருக்கிறதே! இந்தியாவில் 'அறுவை', 'வாந்தி' என்று எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை வந்திருக்காது. நம்முடைய தமிழுக்கே உரிய பொறி.

சிங்களத்திலும் அதே கதை. 'உண' என்றால் காய்ச்சல். 'உணு வதுர' என்றால் சுடுதண்ணீர். சுடுதண்ணீர் கொட்டிக் கையை அவித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லாம் என் கணக்கில் காய்ச்சல்காரராகப் பதிந்திருந்தார்கள். முழுச் சொல்லாகப் பொருந்தினால் மட்டும் எடு என்று மாற்றினேன். உடனே 'காய்ச்சலும்', 'காய்ச்சலோட' தவறிப்போயின, தமிழ் அப்படிச் சும்மா இருக்குமா. கடைசியில், சொல்லின் தொடக்கம் பொருந்த வேண்டும், விலக்குப் பட்டியலில் உள்ள சொல்லாக இருக்கக்கூடாது என்ற இரட்டை விதி. 'காய்ச்சல் இல்லை' என்று எழுதியவர்களுக்குத் தனி விதி.

இன்னொரு நாள், கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சொற்களை நிரல் இரண்டாக எண்ணியது. 'கொ' என்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ஒரே குறியீடாகப் பதிகிறது. இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுகிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. நான் வீட்டில் தட்டியதும் ஆஸ்பத்திரியில் தட்டியதும் இப்படிப் பிரிந்திருந்தன. யூனிகோட் சீராக்கல் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது, ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு. நான் லீவில் நின்ற நாட்களில் பக்கத்து மேசைத் தம்பி உதவி செய்வதாகச் சொல்லி, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிவைத்ததைப் பற்றி இங்கே எழுதவில்லை. நல்ல பிள்ளை.

மணி அடிக்கும் கணக்கு

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்திய, பழைய தரவு அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு முறை இருக்கிறது. அதில் சி1, சி2, சி3 என்று மூன்று. எனக்குப் பொருந்தியது சி2. ஏழு நாள் எண்ணிக்கையின் சராசரியை எடு, நியம விலகலை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) எடு, சராசரியோடு மூன்று மடங்கு விலகலைக் கூட்டு. இன்றைய எண்ணிக்கை அதைத் தாண்டினால் மணி. அந்த ஏழு நாளும் நேற்றோடு முடிவதில்லை. இன்றைக்கு முந்தின இரண்டு நாளை விட்டுவிட்டு அதற்கு முந்தின ஏழு நாள். ஏனென்றால் நோய் மெல்லப் பரவத் தொடங்கியிருந்தால் நேற்றும் முந்தநாளும் ஏற்கெனவே வீங்கியிருக்கும். அதையும் சராசரிக்குள் விட்டால் கள்வனையே காவலுக்கு வைத்த மாதிரி.

ஒரு உதாரணம். ஏழு நாளும் 4, 6, 5, 3, 7, 5, 5 என்று வைப்போம். சராசரி 5. விலகல் ஏறக்குறைய 1.29. எல்லை 8.87. இன்று 9 வந்தால் மணி அடிக்கும். இது சரி. ஆனால் நாய்க்கடி மாதிரிச் சின்ன எண்களில் 2, 2, 2, 3, 2, 2, 2 என்று வந்தால் விலகல் 0.38தான், எல்லை 3.28. நாலு பேரை நாய் கடித்தால் கொழும்பே அபாயத்தில் என்று திரை சிவக்கும். அதனால் எந்த வகையானாலும் 5க்குக் குறைந்தால் வாயைத் திறக்காதே என்று ஒரு வரி போட்டேன்.

வெசாக் வந்தது. விடுமுறையின் இரண்டாம் நாள் வயிற்றோட்டம் எல்லையைத் தாண்டிச் சிவந்தது. தன்சல்! வீதிக்கு வீதி இலவசச் சாப்பாடு, பி.எச்.ஐ.மார் வெசாக்குக்கு முன்பிருந்தே தன்சல் பதிவதும் பரிசோதிப்பதுமாக ஓடுவதே இதற்காகத்தானே. இத்தனை நாள் உழைப்புக்கு ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்று அரை ஓட்டமாக ஈ.டி.யூ.வுக்குப் போனேன். சிஸ்டர் சிரித்தார். "நங்கி, இன்றைக்கு ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) பூட்டு. எல்லாரும் இங்கேதான் வருவார்கள்." திரும்பி வந்து பார்த்தால், காய்ச்சலும் கூட, இருமலும் கூட, 'வேறு'ம் கூட. மொத்த வரவே கூடியிருந்தது.

அன்றிலிருந்து எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், மொத்த வரவில் எத்தனை சதவீதம் என்பதையும் பக்கத்தில் போடுகிறேன். வெசாக் மேடு அதில் காணாமல் போனது. அதற்கும் ஒரு குறை உண்டு. ஒரு பஸ் விபத்து நடந்து காயக்காரர் நிறைந்தால் மற்ற எல்லாவற்றின் சதவீதமும் விழும். இரண்டையும் பார்த்து, இரண்டும் சிவந்தால் மட்டும் எழும்பு. போயா தினங்களை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து வேறு வகுப்பாக வைத்தேன். வருடத்துக்குப் பன்னிரண்டு போயாவாவது வரும் நாட்டில் அமெரிக்காக்காரன் எழுதிய கணக்கு சும்மா வேலை செய்யாது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, அமைதியும் ஒரு மணிதான். ஒரு கிழமை காய்ச்சல் சட்டென்று விழுந்தது. ஊர் சுகமாகிவிட்டதா? இல்லை. புதிதாக வந்த ஒரு டொக்டர் முறைப்பாட்டுக் கட்டத்தில் 'வைரல்' என்று மட்டும் எழுதியிருந்தார். என் சொற்பட்டியலில் அது இல்லை. இப்போது கோடு மேலே போனாலும் கீழே போனாலும் முதலில் டியூட்டி அட்டவணையைத்தான் பார்க்கிறேன்.

2017ஐத் தோண்டியது

இந்தக் கணக்கு டெங்குவைப் பிடிக்குமா என்று தெரிய வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளிகள் பதிவானார்கள், உச்சம் ஜூலையில். அந்த வருடத்து றெஜிஸ்டர்களைப் பதிவறையில் தேடினேன். ஒன்றைக் கறையான் பாதி முடித்திருந்தது. மே, ஜூன், ஜூலைக்குரியவை கிடைத்தன. காய்ச்சலை மட்டும் எண்ணி, நாளுக்கு நாள் நிரலுக்குள் விட்டேன்.

தொடக்கத்தில் இரண்டு முறை மணி அடித்தது. பிறகு நிசப்தம். காய்ச்சல் கோடோ மலை ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே இருக்கிறது. காரணம் விளங்க ஒரு தேநீர் நேரம் போதும்: ஒன்பது நாள் நினைவு மட்டுமே உள்ள கணக்குக்கு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது கூடுவதாகவே தெரியாது. எல்லையும் சேர்ந்து ஏறிவிடும். சட்டென்று வெடிப்பதை அது பிடிக்கும், மெல்ல மெல்லப் பெருகுவதைத் தவறவிடும். ஆகவே காய்ச்சலுக்கு சி2 வேண்டாம் என்று விட்டேன். முந்தைய வருடங்களின் அதே கிழமையோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பழைய றெஜிஸ்டர்களை எண்ண வேண்டும். அது இன்னும் முடியவில்லை.

கிழமை என்றதும் ஒரு வெட்கம் ஞாபகம் வருகிறது. எம்.ஓ.எச். அலுவலகத்தில் என் கிழமைக் கணக்கைக் காட்டியபோது அவர்களுடையதோடு ஒரு கிழமைகூடப் பொருந்தவில்லை. வயதான பி.எச்.ஐ. ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மகள், உங்களுக்குக் கிழமை எப்போது தொடங்கும்?" திங்கள் என்றேன். இங்கே தொற்றுநோய்க் கிழமை சனியில் தொடங்கி வெள்ளியில் முடிகிறது. ஒரு வரி மாற்றம்தான். ஆனால் அவர் கேட்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் தலையைப் பிய்த்திருப்பேன்.

மணி அடிக்காத நாள்

உண்மையில் பிரயோசனப்பட்ட நாள் ஒன்றே ஒன்றுதான் இதுவரை. அன்று மணி அடிக்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை. வயிற்றோட்டம் ஆறு பேர், எல்லை எட்டுக்கு மேல், திரை பச்சை. பதியும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. ஆறில் நாலு பேர் கொழும்பு 15, நாலுமே சின்னப் பிள்ளைகள். ஆனால் கொழும்பு 15 என்றால் மட்டக்குளியும் முகத்துவாரமும் இன்னும் எத்தனை தோட்டங்களும் (வீடுகள் நெருங்கிய குடியிருப்புகள்). அஞ்சல் இலக்கத்தை வைத்து எங்கே போய்த் தேடுவது? சிஸ்டரிடம் கேட்டேன். இரவு டியூட்டி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். அந்தத் தாய்மார் ஒருவரை ஒருவர் தெரிந்த மாதிரிக் கதைத்துக்கொண்டு இருந்தார்களாம். ஒரே தோட்டம். ரோட்டு வெட்டிய பிறகு பொதுக் குழாயில் தண்ணீர் நாறுகிறது என்று ஒருத்தி சொன்னாளாம். மிஸ் கேட்டிருக்கிறார், பிள்ளைக்குக் கொதித்தாறின தண்ணீர் கொடு என்று சொல்லியும் இருக்கிறார். எழுதுவதற்குத்தான் கட்டம் இல்லை.

பி.எச்.ஐ. அன்று பின்னேரமே போனார். காணுக்குப் பக்கத்தில் குழாய் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் மாதிரி எடுத்து அனுப்பினார், குழாயைத் திருத்தும்வரை பவுசரில் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அடுத்த கிழமை அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

இதற்கு முன் ஒரு விடயம் வாசித்திருந்தேன். நியூயோர்க்கில் 2003 ஓகஸ்ட் 14ஆம் திகதி மின்சாரம் போனபிறகு, அவசரப் பிரிவுத் தரவில் வயிற்றோட்டம் கூடியதைக் கண்டார்கள். விசாரித்தபோது, மின்சாரம் போனபின் சாப்பிட்ட இறைச்சியும் கடலுணவும் காரணமாகத் தெரிந்தன. 2022 மார்ச் கடைசியில் இங்கே நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஃபிரிட்ஜில் மீன் வைத்த எல்லாருக்கும் அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். அப்போது எங்கள் றெஜிஸ்டரை யாரும் எண்ணவில்லை. அந்தப் பக்கங்களும் பதிவறையில் என் வரிசையில் நிற்கின்றன.

தோட்டத்துக் குழாய்க்குப் பிறகு எனக்குத் தேவைப்பட்டது நிரலில் திருத்தம் அல்ல, றெஜிஸ்டரில் ஒரு கட்டம். வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முகச் சத்திரசிகிச்சை நிபுணர், அடிபட்டு வருகிறவர்களில் பலரைப் பற்றிப் பொலிஸுக்கே தெரியாது என்று கண்டு, அவசரப் பிரிவு வரவேற்பு மேசையிலேயே எங்கே அடிபட்டது, எதனால் அடிபட்டது என்று கேட்டு எழுத வைத்தார். பெயர் நீக்கிய அந்த விபரத்தை வைத்து நகரசபையும் பொலிஸும் இடம் பார்த்து வேலை செய்தன, வன்முறைக் காயங்கள் குறைந்தன. கேட்டது இரண்டு மூன்று கேள்விதான். இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். "இரவில் நாற்பது பேர் நிற்கும்போது யார் கேட்கிறது?" என்றார். அவர் சொன்னதும் சரி. அதனால் எல்லாரிடமும் கேட்க வேண்டாம், வயிற்றோட்டமும் சத்தியும் வந்தால் மட்டும் ஒழுங்கையோ தோட்டமோ பெயரை எழுதுங்கள் என்று பேரம் பேசினேன். வீட்டு இலக்கம் வேண்டாம். அனுமதிக் கடிதத்திலும் 'ஊர்' என்பதற்குப் பக்கத்தில் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த முறை நாலு நாளில் கையெழுத்து வந்தது.

திங்கட்கிழமை புது றெஜிஸ்டர் தொடங்குகிறது. பதிந்துகொண்டிருந்தபோது பார்த்தேன், முகவரிக் கட்டத்துக்கும் முறைப்பாட்டுக் கட்டத்துக்கும் நடுவில் சிஸ்டர் அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார், பக்கம் பக்கமாக. முப்பதாவது பக்கத்தோடு களைத்துப்போய் அடிமட்டத்தை என்னிடம் தந்துவிட்டார். மிச்சப் பக்கங்களில் கோடு கொஞ்சம் சரிவு. ஸ்டூல் ஆடுகிறதே.